பெட்டி எடை கழித்து

மாரண்டஹள்ளியில் என் தாய்மாமா தக்காளி மண்டி வைத்திருக்கிறார். பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில், அப்பா தக்காளி லோடு கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். எடை மெஷின் சும்மா இருக்கிறதே என்று விளையாட்டாக அதில் ஏறி நின்றேன். மாமா எண்ணைப் பார்த்துவிட்டு மண்டிக்கே கேட்கும்படி கத்தினார்.

"மச்சான், உங்க புள்ள நாலு பெட்டி தக்காளி வருதுங்க! பெட்டி எடை கழிக்கணுங்களா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஓசூரில் வேலை கிடைத்ததும் ஹாஸ்டலுக்கு முதலில் வாங்கிப் போனது ஒரு எடை மெஷின். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதில் ஏறுவேன். போட்டிருக்கும் நைட்டியின் எடையை, பெட்டி எடையைப் போல, மனதுக்குள் கழித்துக்கொள்வேன். எண் கூடியிருந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. மாதவிலக்கு நின்றது. முடி கொத்தாகக் கையோடு வந்தது. கூட வேலை செய்கிறவர்களோ, உடம்பை நன்றாகக் குறைத்துவிட்டாய் என்று ரகசியம் கேட்டார்கள்.

போன மாதம் கம்பெனி கேன்டீன் வாசலில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரிக்கு மாமா ஆப்பிள் பையோடு ஓடி வந்தார். குளுக்கோஸ் ஏறாத கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எலும்புந்தோலுமா கெடக்கறயே சாமி. எவன் கண்ணு பட்டுச்சோ!"

மண்டியில் சொன்னது அவருக்குத் துளியும் நினைவில்லை. அவர்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியிருக்க வேண்டும்; பொங்கவில்லை. எலும்பும் தோலும் என்று அவர் வாயால் கேட்டதில் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.