முனியாண்டி வளைவில் சப்பாத்து

பழைய சைக்கிள் ஒன்று வாங்கியபோது கூடவே காலுக்குப் போட ஒரு சோடிச் சப்பாத்தும் வந்தது. அடியில் இரும்புத் துண்டு. பெடலில் வைத்து மிதித்தால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும். கண்டியில் கிளார்க் வேலை, வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. ஆனாலும் இப்படியொரு விநோதம் கையில் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா?

சைக்கிள் வாங்கியதே அண்ணனால்தான். பன்வில பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். "நீ எங்க ஏறப்போற? உருட்டிக்கிட்டுத்தான் வருவே" என்று போனில் சிரித்தார். அவர் வாசல்வரை கால் ஊன்றாமல் ஏறிக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கம்பளைச் சைக்கிள் கடை முஸ்லிம் பெரியவர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவர், அவர்தான் பெடலிலிருந்து கழற்றும் விதம் சொன்னார். "மேல இழுக்காதீங்க தங்கச்சி, குதிய வெளிப்பக்கம் திருப்புங்க."

சுவரைப் பிடித்துப் பழகிக்கொண்டு கிளம்பினேன். மேட்டில் அந்தச் சப்பாத்து தந்த சுகமே தனி. கால் மேலே வரும்போதும் பெடல் கூடவே வந்தது. தோட்டத்துக்கு ஏறும் வளைவில் முனியாண்டி இருக்கிறார். செருப்போடு எங்கள் ஆட்கள் அவரைத் தாண்ட மாட்டார்கள். பஸ்ஸில் இருந்தாலும் சீட்டுக்கடியில் காலை உருவிக்கொள்வோம். அவரைக் கண்டதும் என் குதிகள் என்னைக் கேட்காமலே மேலே எழும்பின. பூட்டு விடவில்லை. சைக்கிளோடு அவர் முன்னால் சாய்ந்தேன்.

"அக்கா, கும்பிட்டது போதும், எழும்புங்க!" என்றார்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அண்ணன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன்.

நானா சிறு முட்கள் வைத்த தட்டைப் பெடல் பூட்டித் தந்தார். அதற்கேற்ற சப்பாத்து எது? காரியாலயச் சப்பாத்து வழுக்கியது. கென்வஸ் சப்பாத்தில் அடி மெலிசு, முட்கள் உள்ளங்காலில் தெரிந்தன. கழற்றிய பழைய பெடலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கண்டிக் கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லாரும் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்க்க, நான் பெடலை அதன் அடியில் அழுத்திப் பார்த்தேன். கடைசியில் தட்டையான, வளையாத, தடித்த ரப்பர் அடி ஒன்று அகப்பட்டது.

மறுபடி அதே வளைவு. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று அண்ணன் அங்கேயே இறங்கி வந்து நின்றார். நில்லாமல் போய்விடலாம், ஜெயித்தும்விடலாம். மனசு கேட்கவில்லை. நிறுத்தி, காலை ஊன்றி, சப்பாத்தைக் கழற்றிக் கும்பிட்டேன். தோற்றுவிட்டேனே என்று கண் கலங்கியது.

பக்கத்தில் அண்ணனும் வெறுங்காலோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். "சாமிக்கு ஊன்டுன காலு கணக்கில்ல. ஏறு" என்றார்.

முனியாண்டியைத் தாண்டிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஏறினேன். முட்கள் புது அடியைப் பிடித்துக்கொள்ள, அந்தச் செங்குத்திலும் சைக்கிள் கிளம்பியது. "விடாத, மிதி! மிதி!" என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் ஓடி வந்தார். வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மூச்சு வாங்க நின்ற அண்ணனிடம் செருப்பு எங்கே என்று கேட்டேன்.

குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்பை முனியாண்டியிடமே விட்டுவிட்டு வந்திருந்தார்.