அஜ்மல்ட பைக் திறப்பப் புடுங்கின மஹ்றூப் காக்கா

திங்கக்கிழம காலம பத்து மணியிரிக்கும். சாய்ந்தமருது மீன் சந்தையில பைக்குப் பின்னால மீன் பொட்டியக் கட்டிக்கிட்டு நிண்டன். பள்ளி ஸ்பீக்கர் கரகரத்திச்சி. இன்னாலில்லாஹி சொல்லிட்டு, பஸ் சாரதி மஹ்றூப் வபாத்தாகிட்டாரு எண்டு அறிவிச்சாங்க. மீன் வெட்டிக்கிட்டிருந்த ஆள் கத்திய வெச்சிட்டு, "ஆரு, நம்மட திறப்பா?" எண்டு கேட்டாரு. "ஓம், திறப்புத்தான். விடியச் சாமம் நெஞ்சு வலியாம்" எண்டு பக்கத்தால ஒரு சத்தம். பொட்டிய ஒழுங்காக் கட்டாமலே பைக்க எடுத்தன். ரோடு முழுக்க ஐஸ் கொட்டிக்கிட்டே போச்சி.

இத வாசிக்கிற நீங்க எல்லாரும் அவரத் தெரிஞ்ச ஆக்கள். இருவத்திரெண்டு வருசம் கல்முன – கொழும்பு பஸ் ஓட்டினவரு. சீனி வருத்தத்தில கண் மங்கின பொறகு ஸ்டியரிங்க விட்டவரு. ஆனா நீங்க அவர ஞாபகம் வெச்சிரிக்கிறது அதுக்காக இல்ல. மூணு நாளையில சரியா நித்திர கொள்ளாம இலங்கையச் சுத்துற மோட்டர் சைக்கிள் ஓட்டத்தில நம்மட ஊர்ப் பொடியன் அஜ்மல் வரக்குள்ள, நடு ரோட்டில பாஞ்சி அவன்ட பைக் திறப்ப, அந்தச் சாவிய, புடுங்கின மனிசன். அதோட "மஹ்றூப்" போய் "திறப்பு" ஆகிட்டாரு. அந்தப் பட்டம் அவருக்கு விழுந்ததில எனக்கும் பங்கிரிக்கி. அதத்தான் எழுத வந்தன்.

அந்த ஓட்டம் வருசா வருசம் மூணாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு நம்மட ரோட்டால போகும். மட்டக்களப்பில இருந்து வந்து பொத்துவிலுக்குப் போவாங்க. நாம எல்லாரும் டவுனுக்குள்ள கூடி நிப்பம். மீன் யாவாரிமார்ட பொம்-பொம் ஹோன் எல்லாத்தையும் கழட்டிக்கிட்டு வந்து அடிப்பம். மஹ்றூப் காக்கா அந்தக் கூட்டத்துக்க வரமாட்டாரு. கூட்டம் தொடங்குறதுக்கு அம்பது யார் முன்னால, மதகுக்குப் பக்கத்தில தனிய நிப்பாரு. "ஏன் காக்கா அங்க போய் நிக்கிறீங்க?" எண்டு ஒருக்கா கேட்டன். "ஹோன் அடிச்சா பைக் ஓடுமாடா? பெற்றோல் ஊத்தினாத்தான் ஓடும். நீங்க அடிங்க, எனக்கு அவனுகள்ட வாயால ஒரு கத கேக்கணும்" எண்டாரு.

அந்தக் கத இதுதான். ஒவ்வொரு பைக்கும் கிட்ட வரக்குள்ள, "அடுத்தது எங்கடா?" எண்டு கத்துவாரு. சிங்களப் பொடியன்மாருக்குச் சிங்களத்தில கத்துவாரு. அவனுகள் சிரிச்சிக்கிட்டு "பொத்துவில்!" எண்டு கத்திட்டுப் போவானுகள். மஹ்றூப் காக்கா கை தட்டுவாரு, துள்ளுவாரு, சாறனத் தூக்கிக் கட்டிக்கிட்டு நாலடி ஓடுவாரு. அது கொழும்பு பஸ்ஸில அவங்கட பழக்கம். நித்திர வாற நேரத்தில கண்டக்டர் டிரைவர்ட்ட அடுத்த ஹோல்ட் எதெண்டு கேப்பான். சரியாச் சொல்லாட்டி பஸ்ஸ ஓரங்கட்ட வைப்பான். "கண் தொறந்திரிக்கும், ஆள் உள்ள இரிக்கமாட்டான். கண்ணப் பாத்து ஏமாறப்போடாது" எண்டு சொல்லுவாரு. நாங்க அத ஒரு பகிடியாத்தான் எடுத்தம். சின்னப் பொடியன்மார் அவரக் கண்டா, "காக்கா, அடுத்தது எங்க?" எண்டு கேட்டுட்டு ஓடுவானுகள். "உன்ட உம்மாட்ட!" எண்டு பின்னால கத்துவாரு.

ஒரு வருசம் கூட்டம் கலைஞ்ச பொறகு, விட்ட செருப்பத் தேடி நான் திரும்பிப் போனன். மஹ்றூப் காக்கா இன்னும் மதகடியில நிக்காரு. "ஓட்டம் முடிஞ்சி காக்கா, வீட்ட போங்க" எண்டன். "நாப்பத்தஞ்சு பேர் போகணும். நாப்பத்திநாலுதான் போயிரிக்கி" எண்டு உள்ளங்கையக் காட்டினாரு. பேனையால கோடு கோடாப் போட்டிருந்தாரு. அர மணித்தியாலம் கழிச்சி ஒரு வயசான சிங்கள ஆள், உடைஞ்ச லைற்றோட மெல்ல மெல்ல வந்தாரு. ரோட்டில வேற ஒரு குருவியுமில்ல. இவரு தனிய நிண்டு கேட்டாரு, அவரு பதில் சொன்னாரு, இவரு கை தட்டினாரு. அந்த ஆள் ஹெல்மட்டத் தட்டி ஒரு சலாம் போட்டுட்டுப் போனாரு. எனக்கு அது விசர் வேலையாத் தெரிஞ்சிச்சி. அத அப்பவே சொல்லியும் போட்டன்.

இப்ப அந்த நாளச் சொல்றன்.

அஜ்மல் எனக்கு மச்சான் முற. அவன்ட பைக்க நாலு மாசம் ரெண்டு பேருமாச் சேந்துதான் ஓட்டத்துக்கு ஆயத்தமாக்கினம். நான் ஏ.எல். வகுப்ப விட்டது அந்த பைக்காலதான். பொத்துவில் சோதனப் போஸ்ட்டில நேரத்துக்குக் கார்ட்டில முத்திர வாங்கி ஓட்டத்த முடிச்சா, கொழும்பில ஒரு டீம் அவன எடுக்கிறதாச் சொல்லியிருந்தாங்க. அவன் போனா மெக்கானிக்கா நானும் போவன். எங்களுக்கு வேற வழி ஒண்டும் இருக்கல்ல.

போஸ்ட்டுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவில வெளி ஆள் பைக்கில கை வெச்சா அந்த ஆள் அவுட். மட்ட காட்டலாம், கத்தலாம், அவ்வளவுதான். அதனால நான் ஒரு பெரிய மட்டையில "பொத்துவிலுக்கு 1 மணி 10 நிமிசம்" எண்டு மிச்ச நேரத்த எழுதிக்கிட்டு மஹ்றூப் காக்காட பக்கத்தில போய் நிண்டன். கூட்டத்துக்க நிண்டா அவனுக்கு மட்ட தெரியாது.

அஜ்மல் வந்தான். முதுகு நேரா, ஹெல்மட் கண்ணாடி மேல தூக்கினபடி. ராசா மாதிரி வந்தான் எண்டு பொறகு எல்லாரும் சொன்னீங்க. முன்னால கூட்டம் ரோட்டுக்கு இறங்கிட்டதால வேகத்தக் குறச்சான்.

"அஜ்மல்! அடுத்தது எங்கடா?"

சிரிச்சான். "மட்டக்களப்பு."

மட்டக்களப்பால வந்து ஒரு மணித்தியாலமாகப் போகுது. மஹ்றூப் காக்காட தட்டின கை அப்பிடியே நிண்டிச்சி.

"டேய், எங்க?"

"மட்டக்களப்பு காக்கா."

நான் மட்டைய அவன்ட மூஞ்சிக்கு நேரா தூக்கினன். அவன்ட கண் மட்டையில பட்டிச்சி, நிக்காமப் போச்சி. சுவரப் பாக்கிற மாதிரி பாத்தான். ஆனாலும் என்ட வாய் "போடா, போடா, நேரமிரிக்கி!" எண்டுதான் கத்திச்சி.

மஹ்றூப் காக்கா செருப்ப உதறிட்டு ஓடினாரு. அம்பது தாண்டின மனிசன், கண் மங்கின மனிசன், பைக்கோட சரிக்குச் சரி ஓடினாரு. கூட்டம் அவரும் உற்சாகப்படுத்துறாரு எண்டு நெனச்சி இன்னும் ஹோன் அடிச்சிச்சி. கைய நீட்டித் திறப்ப இழுத்தாரு. எஞ்சின் நிண்டிச்சி. பைக் ரெண்டு வளை வளைஞ்சி சரிஞ்சிச்சி. அஜ்மல் கீழ விழுந்து, எழும்பி, "என்ன காக்கா செஞ்சீங்க? என்ன செஞ்சீங்க?" எண்டு அழுதான். விழுந்த அதிர்ச்சியில ஆள் நல்லா முழிச்சிட்டான். அதனால அவன் நித்திரையில வந்தான் எண்டு ஒருத்தரும் நம்பல்ல.

அவருக்கு அடி விழுந்திச்சி. ஆரு அடிச்சதெண்டு நான் சொல்லத் தேவையில்ல, அடிச்சவங்களுக்குத் தெரியும். நான் சேட்டப் புடிச்சி இழுத்தன். "கிழட்டு நாயே" எண்டன். திறப்ப வெச்சிருந்த கைய அவரு விரிக்கவேயில்ல. "ரெண்டு மணித்தியாலம் அவன் படுக்கட்டும், மறுகா தாறன். இப்ப காரைதீவுச் சந்தியில லொறி நிறஞ்ச நேரம். தரமாட்டன்!" வாயில ரத்தத்தோட இதத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. ஓட்டத்த நடத்துறவங்கட ஆள் வந்து அஜ்மல்ட கார்ட்டில குறுக்கால ஒரு கோடு போட்டாரு. முடிஞ்சிச்சி.

மூணு நாளைக்குப் பொறகு நம்மட ஊர் விளையாட்டுக் கழகத்தில கூட்டம் வெச்சாங்க. அஜ்மல் நித்திரையில ஓடினது உண்மையெண்டா அடுத்த வருசம் ஓட்டத்துக்கு அவன எடுக்கமாட்டாங்க, டீமும் இல்ல. விசர் மனிசன் ஒருத்தர் குழப்பினதெண்டா இன்னொரு தரம் ஓட விடுவாங்க. மஹ்றூப் காக்கா எழும்பி, "அவன் மட்டக்களப்பு எண்டான்" எண்டாரு. அஜ்மல், "பொத்துவில் எண்டுதான் சொன்னன்" எண்டான். அப்ப அவரு என்னப் பாத்து கைய நீட்டினாரு. "இவன் பக்கத்தில நிண்டான். இவன்ட்ட கேளுங்க."

எல்லாரும் திரும்பினீங்க.

"ஹோன் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கல்ல காக்கா" எண்டன்.

கேட்டிச்சி. ரெண்டு தரமும் கேட்டிச்சி. ஹோன் அடிச்ச கூட்டம் அம்பது யார் அங்கால நிண்டிச்சி. இத நான் இண்டைக்கி எழுத்தில தாறன், வெச்சிக்குங்க.

அடுத்த கிழம சந்தையில என்னக் கண்டு கிட்ட வந்தாரு. அடிக்கப் போறாரு எண்டு நெனச்சன். "ஏ.எல். எழுதாட்டியும் பொய்யில பாஸ் பண்ணிட்டாய்டா" எண்டாரு. பொறகு குரலக் குறச்சி, "அவன் உசிரோட இரிக்கான். எனக்கு அது காணும். நீ கெளுத்திய நல்லாப் பாத்து வாங்கு, அந்தாள் பழசத் தள்ளுவான்" எண்டுட்டுப் போனாரு. அடுத்த வருசம் அஜ்மல் ஓடினான், முடிச்சான், டீமிலயும் சேந்தான். அதையும் அவருக்கு எதிராத்தான் நீங்க காட்டினீங்க. ரோட்டோரம் வரப்போடாதெண்டு கழகம் அவரத் தடுத்திருந்திச்சி. அஜ்மல் போகக்குள்ள அவரு தன்ட வீட்டுக் கேற்றுக்கு உள்ள நிண்டு கை தட்டினத நான் கண்டன். அஜ்மல் திரும்பிப் பாக்கல்ல. நான் டீமுக்குப் போகல்ல. ஏனெண்டு வீட்டில கேட்டாங்க, சும்மா எண்டன்.

ஜனாஸாத் தொழுகைக்கு வரிசவரிசயா சஃப் கட்டி நிண்டம். அவர்ட மகன்மார் கத்தாரில. மருமகன்தான் முன்னால வந்து, வழமையாச் சொல்ற மாதிரி, "மாமா ஆருக்காச்சும் அநியாயம் செஞ்சிருந்தா அல்லாவுக்காக மாப்புச் செய்யுங்க" எண்டாரு. முன் சஃப்பில இருந்து பின் சஃப் வரைக்கும் எல்லாத் தலையும் அஜ்மல்ட பக்கம் திரும்பிச்சி. அவன் மாப்புச் சொல்லணும் எண்டு காத்துக்கிட்டு நிண்டீங்க. அவன்ட வாய் அசையுது, சத்தம் வரல்ல. எனக்குத் தாங்க ஏலாமப் போச்சி.

"எனக்குக் கேட்டிச்சி" எண்டன். "மட்டக்களப்பு எண்டுதான் சொன்னான். நான் பொய் சொன்னன்."

"மையத்துக்கு முன்னால என்னடா கத? வாயப் பொத்து!" எண்டு பின்னால ஆரோ உறுக்கினாங்க. இமாம் தக்பீர் கட்டித் தொழுகையத் தொடங்கினாரு.

மையவாடியில மண் போட்டுட்டு வெளிய வந்தா அஜ்மல் கேற்றடியில நிக்கான். அடிச்சா வாங்கிறதெண்டு போனன்.

"பெரியகல்லாத்துப் பாலத்தில ஏறினது ஞாபகமிரிக்கி மச்சான்" எண்டான். "அதுக்குப் பொறகு நான் ரோட்டில கிடந்து அழுறன். நடுவில ஒண்டுமில்ல. கல்முன டவுன எப்பிடிக் கடந்தன் எண்டு எனக்குத் தெரியா. பொத்துவில் எண்டு சொன்னதா நானே நெனச்சிக்கிட்டன்."

"ஏன்டா ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"உனக்கு ஒண்டும் கேக்கல்ல எண்டு நீ சொன்னாய். மறுகா நான் என்னத்தச் சொல்ற?"

"நான் இத எழுதப் போறன்" எண்டன். அவன், "எழுது. டீம்காரன் வாசிச்சா வாசிக்கட்டும்" எண்டுட்டு, பைக்க ஸ்டார்ட் பண்ணாம உருட்டிக்கிட்டே போனான்.

மஹ்றூப் காக்காட்ட இருந்து என்னட்ட மிச்சமிரிக்கிறது பயம். முந்தி எனக்கு அது இருக்கல்ல. இப்ப மீன் பொட்டியோட போகக்குள்ள, கடைசியா வந்த ரெண்டு கிலோமீட்டர் மனசில இல்லயெண்டா, எங்க நிண்டாலும் ஓரங்கட்டிடுவன். மீன் கெட்டாலும் சரி. எஞ்சின நிப்பாட்டி, திறப்பக் கழட்டிச் சேட்டுப் பொக்கட்டில போட்டுட்டு நிலத்தில குந்துவன். நேத்தும் நிந்தவூரில அப்பிடிக் குந்தினன். "பைத்தியமாடா உனக்கு, ரோட்டில குந்திக்கிட்டு?" எண்டு பின்னால வந்த லொறிக்காரன் ஏசிட்டுப் போனான்.

ஏசட்டும்.