ரயரும் திருநீறும்

வெயிலில் காய்ந்த கார் ரயரின் வாசனை மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் இடுப்பு தானாக இறுகிக்கொள்ளும்.

நோர்வேயின் எல்லிங்ஸ்ருட்டில் எனக்குப் பதின்மூன்று வயதான கோடை அது. குளிர்காலம் முழுக்க ஐஸ் ஹொக்கி விளையாடி, தேர்வு அணியின் வாசல்வரை வந்திருந்தேன். கோடைப் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தால்தான் உள்ளே இடம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அப்பாவோ வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் கை விறைத்தவர். "ஐஸ் உருகினாப் பிறகு என்ன ஐஸ் ஹொக்கி? கோடையிலை ரியூசன்தான்" என்று கதையை முடித்துவிட்டார்.

பனி உருகி வெறுந்தரை தெரிவதை இந்த ஊரில் "பார்மார்க்" என்பார்கள். கோடையில் தரையில் செய்யும் பயிற்சிக்கும் அதுவே பெயர். பயிற்சிக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னவர் பாலர் பள்ளியில் வேலை செய்த அம்மா. "கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு மட்டும் பார்மார்க்காம். மார்க்ஸ் கூட்டுற வகுப்புப்போலை கிடக்கு." அப்பா தலையாட்டினார். அம்மாவின் பிழையைத் திருத்தாமல் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

முதல் நாளே ஆளுக்கொரு பழைய ரயர் கேட்டார்கள், இடுப்பில் கயிறு கட்டி மேட்டில் இழுப்பதற்கு. ரியூசனுக்கு ரயர் எதற்கு என்றார் அப்பா. "பௌதிகம், அப்பா. உராய்வு" என்றேன். அவர் நிலவறையிலிருந்து ஒரு குளிர்கால ரயரை எடுத்துவந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, முதல் நாள் படிப்பென்று எனக்கும் அதற்கும் திருநீறு பூசி அனுப்பினார். மறுநாள் இரண்டு நோர்வேப் பிள்ளைகள் தங்கள் ரயருக்கும் அந்த வெள்ளைப் பட்டை வேண்டுமென்று நின்றார்கள்.

மாலையானால் அப்பா கேட்பார்: "இண்டைக்கு எத்தினை மார்க்ஸ்?" மேடேறிய எண்ணிக்கையைச் சொல்வேன். "பதினைஞ்சுக்குப் பன்னிரண்டு." பொய்யே இல்லை.

மூன்றாவது கிழமை, நான் நாக்குத் தள்ள இழுத்துக்கொண்டிருக்கையில் மேட்டடியில் அப்பா நின்றார். அணியும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தேன். கிட்ட வந்தார். ரயரைப் புரட்டி விரலால் தடவினார்.

"உராய்வு காணாது. தேஞ்சுபோச்சு. நாளைக்கு வேறை தாறன்."

அவ்வளவுதான். காருக்குப் போய்விட்டார். இலையுதிர்காலத்தில் எனக்கு அணியில் இடம் கிடைத்தது.

இப்போது அந்த மண்டபத்தில் கோடையிலும் ஐஸ் இருக்கிறது. மேட்டை வெட்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். போன கிழமை அவ்வழியே அம்மாவோடு நடந்தபோது, பெரிய மனது பண்ணி என் பழைய களவை ஒப்புக்கொண்டேன். அம்மா நின்று சிரித்தார்.

"பள்ளிக்கூடத்திலை ஒவ்வொரு வசந்தமும் பிள்ளையளின்ரை பனிச் சப்பாத்தைக் கழட்டுறனான். எனக்குப் பார்மார்க் தெரியாதோ?"

"அப்ப அப்பா?"

"அந்தாள் பத்து வருசம் வடக்கிலை பார்மார்க் எப்ப வருமெண்டு ஏங்கினது. ஆனா, வேண்டாமெண்ட வாயாலை ஓமெண்டு சொல்ல அவருக்கும் ஒரு வழி வேணுமெல்லோ?"

அந்த வீட்டில் ஏமாந்த ஒரே ஆள் நான்தான்.