நடவு வலிக்கு ஃப்ளூ மாத்திரை

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத குறை என் கணவருக்குக் கடைசிவரை தீரவில்லை. மன்னார்குடியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே தபால் வழியில் ஹோமியோபதி படித்தார். தஞ்சாவூர் போனால் எனக்குப் பூ வாங்கி வருகிறாரோ இல்லையோ, சட்டைப்பை நிறைய மருந்துக் குப்பிகள் வாங்கி வந்துவிடுவார். காலையில் வீட்டு வாசலில் நாலு பேர் காத்திருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒரு வருஷம் ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல். எலும்பை அடித்து முறித்துப் போட்டதுபோல வலிக்கிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஒரே மாத்திரையைக் கொடுத்தார். வெள்ளை வெள்ளையாக ஜவ்வரிசி அளவில் இருக்கும். அதன் பெயர் என் வாயில் நுழையாது. எல்லாருக்கும் குணமாயிற்று.

"ஃப்ளூ தானாவே போயிடுங்க. உங்க மாத்திரை வழியனுப்பி வச்சுது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குறுவை நடவு தொடங்கியதும் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களும் எலும்பை முறித்துப் போட்டதுபோல வலி என்றுதான் சொன்னார்கள். என் கணவருக்குப் பொறி தட்டிவிட்டது. ஃப்ளூ வலிக்குக் கேட்ட மருந்து நடவு வலிக்கும் ஏன் கேட்கக் கூடாது? இந்தப் புதுப் பயனை யாரும் சோதித்ததில்லை, தானே முறையாகச் சோதித்து, தஞ்சாவூரில் ஹோமியோபதிக்காரர்கள் கூடும் கூட்டத்தில் வாசிக்கப் போவதாகச் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

சோதனை இப்படி. பாதிப் பெண்களுக்கு மருந்து ஏற்றிய மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் சர்க்கரை உருண்டை. எந்தக் குப்பியில் எது என்பது அவருக்கே தெரியக் கூடாதாம். அதனால் கலந்து வைத்ததும் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். அடையாளத்துக்குக் குப்பிக் கழுத்தில் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் கட்டப் போனேன். "வேணாம், அப்புறம் அதுலயும் கட்சி வந்துடும்" என்றார். பச்சையும் வெள்ளையும் கட்டினேன். பாதிப் பேருக்குச் சர்க்கரைதான் என்பதைப் பெண்களிடம் மறைக்கவில்லை. அவர்கள் சிரித்துவிட்டுச் சரி என்றார்கள்.

அப்போது ஊர் இருந்த இருப்பில் கட்சி என்றாலே பயம். கழக ஆட்சி வந்தாயிற்று, நியாயக் கூலி என்று ரேடியோ சொல்லிற்று. எங்கள் வயலோர ரோட்டில் என்னவோ போலீஸ் வேன்தான் நின்றது. கூலி நெல்லைக் கூட்டு, நடவில் நடுவே உட்காரவிடு என்று செங்கொடிக்காரர்கள் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கிவிடுவேன் என்றார். இதற்கு நடுவில்தான் என் கணவர் அவரிடம் போய் அனுமதி கேட்டார். மாத்திரை போட்டபின் அரை மணி நேரம் வெற்றிலை புகையிலை கூடாது, குனிந்து வேலை செய்யவும் கூடாது. முதல் விதி புத்தகத்தில் உள்ளது. இரண்டாவது இவராகச் சேர்த்தது. மருந்து முதுகில் போய்த் தங்க வேண்டுமாம்.

"கொடி புடிச்சுக் கேட்டா ஒரு நிமிஷம் தரமாட்டேன் சார். நீங்க மருந்துங்கிறீங்க. அது வேற. உக்காரட்டும்" என்றார் மிராசுதார்.

வாத்தியார் பெண்டாட்டி வயலுக்குப் போகிறாளே என்று தெருவே பேசிற்று. பேசிக்கொள்ளட்டும் என்று தினமும் போனேன். பிற்பகலில் பெண்கள் சேற்றுக் காலோடு கரையேறி, பூவரச மரத்தடியில் கால் நீட்டி உட்காருவார்கள். பச்சைக் கட்சி, வெள்ளைக் கட்சி என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வார்கள். அவர்களில் ஒருத்தி பிள்ளை பெற்று அதிக நாள் ஆகவில்லை. மரக்கிளையில் கட்டிய தூளியில் பிள்ளை கிடக்கும். மாத்திரையை நாக்கில் போட்ட கையோடு பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அது கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் குடிக்கும். காலையில் வீட்டில் கொடுத்தபின் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த பால் அதுதான். அந்த அரை மணியைப் பண்ணை வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர்கூடத் தொடவில்லை.

நடவு முடிந்ததும் என் கணவர் ஒவ்வொருத்தியிடமும் வலி எப்படி என்று கேட்டார். போன நடவுக்கு இந்த நடவு எவ்வளவோ தேவலை என்றார்கள் பெரும்பாலானவர்கள். வீட்டுக்கு வந்து, "இப்ப சொல்லு, எது மருந்து?" என்றார். பச்சை என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். பச்சைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசமே இல்லை. சர்க்கரை தின்றவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்திருந்தது.

பாவம், குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். பிறகு, "மருந்து கேக்கல. கேக்கலன்னு சொல்றதுதான் மரியாதை" என்றார். எத்தனை பேருக்கு இது வரும்? எனக்குப் பெருமையாக இருந்தது. அனுமதி கொடுத்தவருக்கு முதலில் சொல்வதுதான் முறை என்று அவர் மிராசுதார் வீட்டுக்குக் கிளம்பியபோது, நல்ல சட்டையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

மிராசுதார் விழுந்து விழுந்து சிரித்தாராம். "அப்ப சர்க்கரை திங்கிறதுக்கா என் நடவு அரை மணி நின்னுது?" என்றாராம். குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு தொடங்கியபோது காரியக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். மருந்து கிடையாது, உட்காருவதும் கிடையாது.

பெண்களுக்கு இடுப்பு வலி திரும்ப வந்தது. அப்போதுதான் எங்கள் மரமண்டையில் ஏறியது. வலியைக் குறைத்தது மருந்தும் இல்லை, சர்க்கரையும் இல்லை, உட்கார்ந்ததுதான். "மாத்திரை போட்டு உட்காராத ஒரு குழுவையும் வச்சுப் பாத்திருக்கணும்" என்றார் என் கணவர். எனக்கு வந்த கோபத்தில், "வயல்ல போய்ப் பாருங்க, இப்ப எல்லாரும் உட்காராத குழுதான்" என்று கத்தினேன்.

அன்று மாலையே அந்தக் கைப்பிள்ளைக்காரி வந்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தது. முன்னைக்கு இளைத்திருந்தது.

"வாத்தியாரய்யா, வேற ஏதாச்சும் மாத்திரை குடுங்கய்யா."

"அதுல ஒண்ணுமில்லம்மா. வலிக்குக் கேக்காது."

"எனக்கு வலியெல்லாம் பெரிசில்லிங்க. புள்ளைக்குப் பால் குடுக்கணும். மாத்திரைகூட வேணாம். குடுக்குறதா பண்ணையில ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

என் கணவர் மாட்டேன் என்று சொல்லப் போகிறார், சண்டை போட வேண்டியதுதான் என்று நான் தயாராக நின்றேன். அவர் சொன்னது வேறு. "நாளைக்கே போய்ச் சொல்லுவேம்மா. ஆனா ஒண்ணுமில்லன்னு நானே சொல்லிட்டு வந்துட்டேனே. இனிமே எந்த மருந்துன்னாலும் அவரு நம்ப மாட்டாரு."

ஆனாலும் மறுநாள் போனார். திண்டில் சாய்ந்திருந்த மிராசுதார், "என்ன சார், இப்ப வெல்லமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் கேட்டதற்குப் பதில்கூட இல்லை. உண்மையைச் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. தாளடி முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு நடவுக் காலம் உண்மை காத்திருந்தால் யாருக்கு என்ன போயிற்று? அந்த யோசனை எனக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நாங்கள் இருவரும் பஸ் பிடிக்க வயலோரமாகப் போனோம். தூளியில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. காரியக்காரர் வரப்பில் குடை பிடித்து நின்றார். நாற்று நடுகிறவர்கள் பின்னால் பின்னால்தான் நகர்வார்கள். அவளும் மரத்தைப் பார்த்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக மரத்தைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த நாற்றுமுடியை எடுக்க நிமிர்ந்தபோது பார்த்தேன். ரவிக்கையின் முன்பக்கம் முழுவதும் பாலில் நனைந்திருந்தது.