கத்தரி இல்லாத கை

அந்தச் சலூன்காரர் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆள் இல்லாவிட்டால் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். அப்படிப்பட்டவர் தலை நரைத்த பிறகு மாலைக் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். அவர் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அதுதான். வாசலிலேயே இடறிவிட்டது, வரலாற்றோடு கட்டாயப் பாடமாக வந்த லத்தீன்.

வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் எழுத்துத் தேர்வுக்கு விடுவார்கள். இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதிலும் கவிழ்ந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

கவிழ்த்தவை ஒழுங்கில்லாத வினைச்சொற்கள். சுமக்கிறேன் என்றால் ஃபெரோ. சுமந்தேன் என்றால் துலி. சுமக்கப்பட்டது என்றால் லாத்தும். ஒரே வீட்டில் பிறந்துவிட்டுத் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பங்காளிகள்! பட்டியலாகப் படித்தால் மண்டையில் ஏறவில்லை. அந்தச் சொல் வரும் பழமொழியாகப் படித்தால் ஏறியது. ஆகவே, வருகிற தலைக்கு ஒரு பழமொழி என்று வைத்துக்கொண்டார். கழுத்தில் துணி கட்டி, தண்ணீர் தெளித்து, கத்தரியை எடுத்ததும் தொடங்கிவிடுவார்.

"க்வோத் திஃபெர்த்தூர், நோன் அவ்ஃபெர்த்தூர்." கிரிச், கிரிச்.

"என்னங்க, மந்திரமா? முடி வளருமா?" என்றார் நாற்காலியில் இருந்த லாரி டிரைவர்.

"தள்ளிப்போனது கைவிட்டுப் போனதில்லன்னு அர்த்தம் சார்."

பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த மைத்துனன் விடுவானா? "அதத்தான் நாம பதறாத காரியம் சிதறாதுங்கிறோம். நீங்க பதறுற பதறல்ல அவர் காதுதான் சிதறப்போவுது மாமா!"

"வாய மூடுறா மாப்ள."

தேர்வன்று பேராசிரியை எதிரே நாற்காலி காட்டினார். உட்கார்ந்தார்.

"சுமக்கிற வினைல ஒரு பழமொழி சொல்லுங்க. அப்புறம் அதோட வடிவங்கள்."

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மடியில் கிடந்த விரல்கள் எதையோ தேடின. அப்போதுதான் உறைத்தது. படித்ததெல்லாம் நின்றபடி, ஒரு பிடரியைப் பார்த்தபடி, கத்தரியின் தாளத்தில். வெறுங்கையோடு உட்கார்ந்து ஒரு வரிகூடப் படித்ததில்லை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பின்னால வந்து நின்னுக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சலூன்ல வேல பாத்துக்கிட்டே படிச்சது. ஒரு தலை வேணும் மேடம். தொடமாட்டேன்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கதவ நல்லா தெறந்து வச்சிட்டு வாங்க."

பின்னால் நின்று, இரண்டு விரல்களைக் கத்தரியாக்கிக் காற்றை வெட்டினார். பழமொழி வந்தது. ஃபெரோ வந்தது, துலி வந்தது, லாத்தும் வந்தது. போவது, விரும்புவது, ஆவது என்று அம்மா கேட்கக் கேட்க, இடக்காதுப் பக்கம் முடித்து வலக்காதுக்குப் போனார். யாரும் சொல்லாமலே அம்மாவின் தலையும் லேசாகக் குனிந்துகொடுத்தது.

"தேறிட்டீங்க," என்று நிமிர்ந்தார் அவர். "ஆனா அடுத்த வாரம் எழுதணும். முன் பெஞ்சுக்காரர் தலைல கை வச்சிடாதீங்க."

சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். படி இறங்குவதற்குள் சிரிப்பு காய்ந்துவிட்டது. பேனாவோடு எதைப் படித்தோம்?

நேரே சலூனுக்கு வந்தார். "மாப்ள, வாய்மொழில பாஸாயிட்டேன். இனிமே வர்ற தலையெல்லாம் நீயே பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் காகிதமும் பேனாவுமாக அமர்ந்தார். ஒரு வரி எழுதினார். எழுந்தார். கண்ணாடிவரை போய்த் திரும்பினார்.

"உக்காருங்க மாமா!"

"உக்காந்துதான்டா இருக்கேன்!" என்றார், நின்றுகொண்டே.