இழை இல்லாத பெட்டிகள்

ரைலிக்கு நடுக்குவாதம். வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை; வாரத்தில் மூன்று நாள் அவளை நான்தான் குளிப்பாட்டுகிறேன். கரண்டி பிடிக்க முடியாத கை, கணினியில் மட்டும் ஒற்றை விரலால் விடாமல் தட்டும்.

கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான நிரலை அவள் எழுதுகிறாள். இலவசம், யாரும் எடுத்துத் தங்கள் இயந்திரத்துக்கு ஏற்பக் கட்டிக்கொள்ளலாம். கட்டுமுன் ஒன்றைச் சொல்லவேண்டும்: இயந்திரம் ஒரே நேரத்தில் பல வேலைகளை இழை இழையாக ஓட்டுமா? விண்டோஸுக்கு ஒரு தேர்வு, லினக்ஸுக்கு வேறு. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே ஓடும் மலிவு இயந்திரங்களுக்கு ‘இழை இல்லை’.

அந்தக் கடைசித் தேர்வை நம்பியிருந்தது தாபியோவின் நிறுவனம் ஒன்றுதான். தனியே வாழும் முதியவர்களின் வீட்டில் வைக்கும் அவசர அழைப்புப் பெட்டிகளைச் செய்கிறவன். ரைலியின் பழைய முதலாளி. கை நடுங்கத் தொடங்கியதும், “இந்தக் கையால இனிமே என்னத்த எழுதப்போற?” என்று எல்லார் முன்னாலும் கேட்டு அனுப்பியவன். பிறகு அதே கை எழுதியதை எடுத்துக்கொண்டான்.

ஒவ்வொரு பதிப்பிலும் அந்தத் தேர்வு உடையும். அவள்தான் சரிசெய்வாள். ஒருநாள் நான் தலைக்கு ஊற்றும்போது சொன்னாள்:

“அதை வெட்டிடப் போறேன்.”

“என் கிழவிங்க வீட்டுப் பெட்டியெல்லாம் நின்னுடுமா?”

“நிக்காது. அதுல பழைய வெர்ஷன் ஓடும். அவன் புதுப் பெட்டிக்குப் புது வெர்ஷன்தான் வேணும். அந்தத் தேர்வு இல்லாம அதைக் கட்ட முடியாது.”

“அப்ப வெட்டு. குனி, கண்ணுல சோப்பு போகுது.”

வெட்டினாள். முதல் பனி விழுந்த வாரம் தாபியோவே வந்தான். காலணியை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு, கையில் இலவங்கப்பட்டை பன் பொட்டலத்தோடு.

குழாய் பழுதுபார்க்க வருகிறவனுக்கும் காபி கொடுக்கிற ஊர் இது. நான் இரண்டு கோப்பையில் ஊற்றினேன். சிந்தாமல் இருக்க ரைலிக்குப் பாதி, எனக்கு முழுசு. கெண்டியில் மீதி இருந்தது. அவன் காது சிவந்தது.

“அந்த ஒரு தேர்வைத் திரும்ப வச்சிடேன், ரைலி. உனக்குச் சின்ன வேலைதானே?”

“சின்ன வேலைதான். புரோகிராம் திறந்துதான் கிடக்கு. வெட்டினதை எடுத்து நீயே ஒட்டிக்க. வெர்ஷனுக்கு வெர்ஷன் நீயே பாத்துக்க.”

“எங்ககிட்ட அது தெரிஞ்ச ஆளு இல்லையே.”

“ஒருத்தி இருந்தா. நீதான் அனுப்பிட்ட.”

“பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு…”

“உனக்குக் கை நடுங்கலையே, தாபியோ. உக்காந்து எழுது.”

அவன் போனான். பொட்டலம் மேசையிலேயே இருந்தது.

“இதைக் குப்பைல போடவா?”

“எதுக்கு? பன்னு என்ன தப்பு பண்ணுச்சு?”

தொண்டையில் அடைக்காதபடி சின்னச் சின்னதாக நறுக்கி ஊட்டினேன். இரண்டு பன் தின்றாள். அவள் அவ்வளவு தின்று நான் பார்த்ததில்லை.