நடுப்பகலில் எரிந்த விளக்கு

எங்கள் பழைய வீட்டில் மின்சாரம் இல்லை. அது ஒன்றுதான் அந்த வீடு செய்த குற்றம். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில், குறுகலாக நீண்டு கிடந்த வீடு. நடுவில் கூரையில்லாத முற்றம். அதன் ஓரத்தில்தான் அம்மா சமைப்பாள். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அடுப்புப் புகை வானத்துக்குப் போய்விடுவதால் தப்பித்துக்கொண்டிருந்தாள். அதை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

யாழ்ப்பாணத்தார் கப்பலேறி வந்து கந்தோரில் குமாஸ்தாவாக எழுதிப் பிழைத்தாலும், பெண்ணுக்குச் சீதன வீடு கொடுக்காமல் விடமாட்டார்கள். அந்த வீடு எனக்கென்று இருந்தது. ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு என்னைப் பேசினார்கள். மாப்பிள்ளையின் மாமா வந்து சுவரைத் தட்டினார், தூணைத் தட்டினார், கடைசியில் தொங்கிய எண்ணெய் விளக்கைப் பார்த்தார்.

"இந்தக் காலத்திலை லாம்பு வீட்டுக்கை எங்கட பெடியன் எப்பிடி இருப்பான்?"

அவர் போனதும் அம்மா கேட்டாள்: "வீடு எண்டது மூச்சு விடவோ, மினுக்கிக் காட்டவோ?"

கலியாணப் பெண் வாய் திறக்காத காலம் அது. நான் திறந்தேன். "எனக்கு லைட் உள்ள வீடுதான் வேணும் அப்பா." வெட்கம் கெட்ட ஆசை. இன்றும் அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கும்.

அப்பா மின்சாரமுள்ள ஒரு புது வீட்டை விசாரித்து வைத்து, பஞ்சாங்கத்தைப் புரட்டினார். புது வீட்டில் முதன்முதல் கால் வைக்க நல்ல நேரம் பொழுதுபட்ட பிறகுதான் வந்தது. நாங்களும் அப்போதுதான் போனோம். சுவிட்சைத் தட்டியதும் புதுச் சுண்ணாம்புச் சுவரெல்லாம் பளீரென்றது. கூட வந்த மாப்பிள்ளையின் மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கேயே முன்பணம் கொடுத்தாயிற்று. நல்ல நேரத்தில் மிதித்த வாசலைக் குடிபுகும் வரை மறுபடி மிதிக்கக்கூடாது என்றார் அப்பா. கந்தோரில் ஓர் எழுத்துப் பிழை விடாத மனிதர், வாங்கப் போகும் வீட்டைப் பகலில் ஒரு தரம் பார்க்கவில்லை.

விடியுமுன் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். வெளியே விடிந்தது. உள்ளே விடியவில்லை. முற்றம் இருக்கவேண்டிய இடத்தில் இன்னோர் அறையைக் கட்டி விற்றிருந்தார்கள். நடுப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் உப்புச் சாடி கண்ணுக்குத் தெரியும். அடுப்புப் புகை வீடு முழுக்கச் சுற்றிவிட்டு அம்மாவிடமே திரும்பி வரும். அவளுக்கு இரவும் பகலும் இழுத்தது.

"புது வீடுதானே, பழகிப்போகும்" என்றார் அப்பா. கலியாணம் முடிந்து என் கணவரும் அங்கேதான் வந்து இருந்தார். காலையில் கந்தோருக்குப் போய்விடுபவருக்கு வீட்டில் இருட்டென்ன, வெளிச்சமென்ன.

பழைய வீட்டை வாங்கியவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். அவர் மனைவிக்கு அம்மாவின் நிலை தெரிந்தது. "பகல்ல இங்க வந்து காத்தாட உக்காருங்கக்கா" என்றார். அம்மா ரிக்‌ஷாவில் போய்த் தன் முற்றத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு வருவாள். இரண்டு மாதம் போனாள். பிறகு ரிக்‌ஷாவில் ஏறவும் முடியவில்லை.

அப்போதுதான் அப்பா அந்த வீட்டைத் திரும்பக் கேட்கப் போனார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மகளுக்குன்னு வாங்கினது அண்ணே. காத்தோட்டமான வீடு, குடுக்க மனசு வரலை. இப்ப தெருவுக்குக் கம்பியும் வந்திருச்சுலா, அடுத்த மாசம் லைட்டு."

அப்பா திரும்பி வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னார்.

அந்த வாரமே அம்மா போய்ச் சேர்ந்தாள். வெளியே உச்சிவெயில். கட்டிலுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறப்பதற்குள் நான் எழுந்து விளக்கை அணைத்தேன். அதன் பிறகு என் முகம் அவருக்குத் தெரியவில்லை.